கதிர்ச் சிகிச்சையும் நம் தோலும்: நிமிடமா, அளவா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பேரைக் கேட்டதுமே சிலருக்கு மனம் கலங்கக்கூடிய பொருள். புற்றுநோய்க்குச் செய்யப்படும் கதிர்ச் சிகிச்சையைப் பற்றியும், அதனால் தோலில் உண்டாகும் மாறுதல்களைப் பற்றியும் பேசப்போகிறோம். நம் மக்கள் இதைக் ‘கரண்டு வைப்பது’ என்பார்கள். கரண்டு என்றதும் சுடும், கருக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்தப் பெயரே பாதி அச்சத்தைத் தந்துவிடுகிறது. உண்மையில் இந்தச் சிகிச்சையில் நோயாளியின் உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சப்படுவதே இல்லை. எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள் அல்லவா? அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் பன்மடங்கு வலிமையுள்ள கதிரை நோய் உள்ள இடத்தில் செலுத்துகிறார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பேச்சுக்கு ஒரு குடும்பம்தான் காரணம். நாம் பணியாற்றும் தோட்டப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த மாணவன் ஒருவன், சில காலத்துக்கு முன்பு தொடர்ந்து மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. விசாரிக்கலாம் என்று மாலையில் அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய தாயார் பால்மரம் வெட்டுபவர். இடது மார்பில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சை செய்து, பட்டணத்து மருத்துவமனையில் கதிர்ச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். பதினைந்து தடவை வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது தடவை போனவர், பிறகு போகவில்லை. வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் மகன் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான்.

ஏன் போகவில்லை என்று கேட்டோம். அவருடைய கணவர் சொன்ன பதில் இது:

“இனிமே அனுப்புறதா இல்லீங்க வாத்தியாரையா. அங்க வர்ற இன்னொரு அம்மா உள்ள போனாங்கன்னா அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துடுறாங்க. இவளை மட்டும் தினம் இருபது நிமிசம் வச்சிருக்காங்க. இப்ப நெஞ்சுத் தோலு கருத்துப் போச்சு, அரிக்குதுங்கிறா. ஜாஸ்தி நேரம் வச்சு சுட்டுட்டாங்கய்யா.”

அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கணவர் சொன்னது முரட்டுத்தனம் அன்று. மனைவியின் மேல் உள்ள அக்கறை. கண்ணால் கண்டதை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். சட்டியை அதிக நேரம் அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும்; வெயிலில் அதிக நேரம் நின்றால் தோல் கருக்கும். அதுபோல எந்திரத்தின் கீழ் அதிக நேரம் இருந்தால் தோல் வெந்துவிடும் என்று நினைத்துவிட்டார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிற இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதுதான் இன்றைய பாடம்.

அந்த வாரம் பள்ளி விடுமுறையாக இருந்ததால், அவர்களோடு நாமும் மருத்துவமனைக்குச் சென்றோம். எந்திரத்தை இயக்கும் பணியாளரும் மருத்துவரும் பொறுமையோடு விளக்கினார்கள். அங்கே கேட்டறிந்ததையும், பின்னர் நூல்களில் படித்தறிந்ததையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், அந்த இருபது நிமிடத்தில் என்ன நடக்கிறது?

நோயாளியைப் பலகை போன்ற கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். தோலில் முன்னமே இட்ட அடையாளங்களை ஒளிக்கோடுகளோடு பொருத்துகிறார்கள். கையைச் சற்று உயர்த்து, தோளைச் சற்று இறக்கு என்று திருத்துகிறார்கள். பிறகு இடம் சரிதானா என்று படம் எடுத்துப் பார்க்கிறார்கள். இதற்கே பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது. கதிர் உண்மையில் பாயும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் எந்திரம் சும்மா இருக்கிறது. அதிலிருந்து தோலுக்கு எந்தத் தீங்கும் இல்லை.

நம் மாணவனின் தாயாருக்கு நோய் இடது பக்கம். இடது மார்புக்குப் பின்னால்தான் இருதயம் இருக்கிறது. மூச்சை நன்றாக உள்ளிழுத்து அடக்கிக்கொண்டால், நுரையீரல் விரிந்து, இருதயம் மார்புச் சுவரிலிருந்து சற்று விலகும். அப்படி மூச்சை அடக்கிய நேரத்தில் மட்டும் கதிரைச் செலுத்துகிறார்கள். மூச்சை விட்டால் நிறுத்துகிறார்கள். மறுபடி மூச்சை இழுத்ததும் தொடர்கிறார்கள். அவருக்கு இருபது நிமிடம் ஆனதற்கு இதுவே காரணம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்த அம்மையாருக்கோ முதுகெலும்பில் வலி; அதற்கு வேறு முறை. இருவர் நோயும் வேறு, இடமும் வேறு. இருவர் நிமிடத்தையும் ஒப்பிடுவது, பால்மரத்தையும் செம்பனையையும் ஒரே அளவுகோலால் அளப்பது போன்றது.

ஆக, அவரை அதிக நேரம் வைத்திருந்தது சுடுவதற்காக அன்று. இருதயத்தைக் காப்பதற்காக.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். இன்றைய எந்திரத்துக்கு லீனியர் ஆக்சிலரேட்டர் என்று பெயர். இதில் கதிரை நிறுத்துவது கடிகாரம் அன்று. எந்திரத்தின் தலைப்பகுதியிலேயே அளவுமானி இருக்கிறது. குறித்த அளவு கதிர் வெளிவந்துவிட்டது என்று அது காட்டிய உடனே, கதிர் தானாக நின்றுவிடும். பெட்ரோல் நிலையத்தில் இத்தனை லிட்டர் என்று குறித்துவிட்டால், குழாய் வேகமாக ஊற்றினாலும் மெதுவாக ஊற்றினாலும் அந்த லிட்டரில் நின்றுவிடும் அல்லவா? அதுபோலத்தான்.

நேரம் வேறு, அளவு வேறு என்பதற்குப் பழைய எந்திரம் ஒன்றே நல்ல சாட்சி. 1951ஆம் ஆண்டில் கனடாவில் கோபால்ட் எந்திரம் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்பட்டது. பிறகு உலகெங்கும் பரவியது. அதனுள் இருக்கும் கோபால்ட் உலோகம் தானாகவே கதிரை வீசும். ஆனால் அதன் வலிமை நாளுக்கு நாள் குறையும். ஏறத்தாழ 5.3 ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். எனவே புதிய கோபால்ட்டில் 2 நிமிடத்தில் கொடுத்த அளவைக் கொடுக்க, ஐந்தாண்டுக்குச் சற்று மேலான பிறகு 4 நிமிடம் ஆகும். நேரம் இரு மடங்கு, அளவு அதேதான். இரண்டு நோயாளிகளின் தோலிலும் ஏற்படும் விளைவும் ஒன்றுதான்.

அப்படியானால் தோலைப் பாதிப்பது எது? மூன்று கேள்விகளில் விடை இருக்கிறது. ஒரு தவணைக்கு எவ்வளவு? மொத்தம் எவ்வளவு, எத்தனை நாளில்? உடம்பில் எந்த இடம்?

‘தவணை’ என்ற சொல்லை விளக்கிவிடுகிறோம். கதிர்ச் சிகிச்சையை ஒரே நாளில் முழுவதும் கொடுத்துவிடுவது அரிது. கடனைத் தவணை தவணையாகக் கட்டுவதுபோல, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். கதிரின் அளவைக் ‘கிரே’ என்ற அலகால் சொல்வார்கள். அரிசிக்குக் கிலோ, பாலுக்கு லிட்டர், கதிருக்குக் கிரே.

ஏன் பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள்? இதை மனிதகுலம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. ஜெர்மனியில் ரான்ட்ஜன் என்ற அறிஞர் 1895ஆம் ஆண்டு நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டிலேயே அதனால் தோல் புண்ணானதாகவும் முடி கொட்டியதாகவும் செய்திகள் வந்தன. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர், இந்தக் கதிரோடு பழகிப் பழகிக் கைகள் புண்ணாகி, 1904ஆம் ஆண்டில் உயிரையே இழந்தார். அந்தக் காலத்தில் கதிரை அளக்கச் சரியான கருவி இல்லை. தோல் எப்போது சிவக்கிறது என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் அளவைக் கணித்தார்கள். நோயாளியின் தோலே அளவுமானியாக இருந்தது!

பின்னர் 1920களில், பாரிஸ் நகரத்து ரேடியம் கழகத்தில் கிளாட் ரெகோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஆட்டுக்கிடாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கிடாவை மலடாக்க வேண்டிய கதிரை ஒரே தடவையில் கொடுத்தால், மேலே உள்ள தோல் கடுமையாகப் புண்ணாகியது. அதையே பல நாள்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது கிடா மலடாகியது. தோலோ பெரும் புண் இல்லாமல் தப்பித்தது. இந்த உண்மையைப் பயன்படுத்தி, அதே கழகத்தைச் சேர்ந்த ஹென்றி கூட்டார் என்ற மருத்துவர், தொண்டைப் புற்றுநோய்க்குப் பல வாரங்கள் தவணை முறையில் சிகிச்சை செய்து வெற்றி கண்டார். இன்று உலகெங்கும் நடக்கும் சிகிச்சைக்கு அந்தத் தவணை முறையே அடித்தளம்.

பால்மரம் வெட்டும் நம் மக்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. மரத்தின் பட்டையை எப்படிச் சீவுகிறீர்கள்? ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக, மெல்லியதாகச் சீவுகிறீர்கள். மறுநாள் மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறீர்கள். கத்தி ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? காயம் படும்; பின்னால் அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும். மரத்தடியில் நீங்கள் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதா மரத்தைக் காயப்படுத்துகிறது? இல்லை. ஒரு வெட்டில் எவ்வளவு ஆழம், வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே எவ்வளவு ஓய்வு என்பவைதான் மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. புதிதாக வேலைக்கு வந்தவர் ஒரு மரத்தடியில் அதிக நேரம் நின்று நிதானமாக வெட்டினால், அதனால் மரத்துக்கு நன்மையே ஒழியத் தீமை இல்லை.

நம் தோலும் அப்படித்தான். கதிர் பட்டதும் நல்ல அணுக்களும் காயப்படுகின்றன. புற்று அணுக்களும் காயப்படுகின்றன. ஆனால் ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே உள்ள நேரத்தில் நல்ல அணுக்கள் தம்மைத் தாமே சீர்செய்துகொள்கின்றன. புற்று அணுக்களுக்கு அந்தத் திறமை பொதுவாகக் குறைவு. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்வதே தவணை முறையின் சூட்சுமம்.

அடுத்து, தோல் ஏன் உடனே மாறாமல் இரண்டு மூன்று வாரம் கழித்து மாறுகிறது? தோலின் அடித்தட்டில் புதிய அணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை மெல்ல மேலே வந்து, சுமார் நான்கு வாரத்தில் உதிர்ந்துவிடுகின்றன. கதிர் தாக்குவது முக்கியமாக அடித்தட்டில் பிறக்கும் அணுக்களைத்தான். மேலே உள்ளவை வழக்கம்போல உதிர்கின்றன. கீழேயிருந்து வரவேண்டியவை குறைந்துவிடுகின்றன. அதனால்தான் சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் தோல் சூடாகிறது, அரிக்கிறது, காய்ந்து செதில் செதிலாக உரிகிறது. சிலருக்கு ஈரம் கசியும்படியாகவும் உரியும்.

இந்த மாற்றம் சிகிச்சை முடிந்த அன்றே நின்றுவிடாது. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் கூடி, அதன் பிறகே தணியத் தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒன்று ஒன்றரை மாதத்தில் ஆறிவிடும். இதை முன்கூட்டியே அறியாதவர்கள், ‘சிகிச்சை முடிந்தும் புண் பெருகுகிறதே, ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று கலங்கிவிடுகிறார்கள்.

இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. பல கையேடுகளில் ‘தோல் சிவக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். வெளுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியும். நம்மைப் போன்ற கருமை, மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தோல் மேலும் கருத்ததாகவே தெரியும். ‘சிவக்கவில்லையே’ என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். ‘கருகிவிட்டது’ என்று நடுங்கவும் வேண்டாம். கருமை என்பது நம் தோலின் பதில். தொட்டால் சூடு, எரிச்சல், வீக்கம், வலி இருக்கிறதா என்று பார்த்து அதை மருத்துவமனையில் சொல்லவேண்டும்.

தவணையின் அளவுக்குத் திரும்பி வருவோம். ஒரு தவணைக்கு அதிகமாகக் கொடுத்தால் எப்போதும் தோல் அதிகமாகப் பாதிக்கப்படுமா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் மொத்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பல ஆண்டுகளாக மார்புப் புற்றுநோய்க்கு, நாளுக்கு 2 கிரே வீதம் 25 தவணை, மொத்தம் 50 கிரே, ஐந்து வாரத்தில் கொடுப்பது வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் ஸ்டார்ட்-பி என்ற பெரிய ஆராய்ச்சியில், 2,215 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அந்தப் பழைய முறையையும், மறு பிரிவினருக்கு 15 தவணையில் மொத்தம் 40 கிரே, மூன்று வாரத்தில் என்ற முறையையும் கொடுத்தார்கள். ஒரு தவணைக்கு அளவு சற்றுக் கூடியது. ஆனால் மொத்தம் குறைந்தது. பத்தாண்டு முடிவுகள் 2013ஆம் ஆண்டில் வெளியாயின. நோயைக் கட்டுப்படுத்துவதில் புதிய முறை பின்தங்கவில்லை. மார்பு சுருங்குதல், வீக்கம், தோலில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிலந்திவலைபோலத் தெரிதல் ஆகியவை புதிய முறையில் குறைவாகவே இருந்தன. நம் மாணவனின் தாயாருக்குப் பதினைந்து தவணை என்று சொன்னதும் இப்படிப்பட்ட கணக்கினால்தான்.

அதற்குப் பிறகு ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் என்ற இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. அதன் ஐந்தாண்டு முடிவுகள் 2020ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒரே வாரத்தில் ஐந்தே தவணை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு மொத்தம் 26 கிரே. இன்னொரு பிரிவினருக்கு 27 கிரே. 26 கிரே பெற்றவர்களின் நிலை, மூன்று வாரச் சிகிச்சை பெற்றவர்களின் நிலையை ஒத்திருந்தது. 27 கிரே பெற்றவர்களுக்கோ பின்விளைவுகள் கூடுதலாகத் தெரிந்தன. பாருங்கள், வித்தியாசம் ஒரே ஒரு கிரே! மருத்துவர்கள் எவ்வளவு நுணுக்கமாக நிறுத்துக் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எலும்பில் பரவிய நோயின் வலியைத் தணிக்க, 8 கிரேயை ஒரே தவணையில் கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. ஒரு தவணைக்கு அது பெரிய அளவுதான். ஆனால் மொத்தமே அவ்வளவுதான் என்பதால் தோலுக்குப் பெரிய பாதிப்பு நேர்வதில்லை. ஆகவே ஒரு தவணையின் அளவை மட்டும் பார்க்கக் கூடாது; மொத்தத்தையும் பார்க்கவேண்டும்.

அடுத்தது, உடம்பின் இடம். அக்குள், மார்பின் அடி மடிப்பு, கழுத்து, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் தோலோடு உராய்கிறது, வியர்வை தேங்குகிறது. அங்கேதான் முதலில் உரியும். நோய் ஆழத்தில் இருந்தால் தோல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். இன்றைய வலிமை மிக்க கதிர், தோலின் மேற்பரப்பில் முழு வலுவோடு இறங்குவதில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் அளவு உள்ளே போனபிறகே உச்சத்தை அடையும் எந்திரங்கள் வழக்கத்தில் உள்ளன. பழைய கோபால்ட்டில் அந்த ஆழம் அரை சென்டிமீட்டர்தான். அதற்கும் முந்திய எந்திரங்களிலோ தோலின் மேலேயே உச்சம். பாட்டிமார் சொல்லும் ‘கரண்டு வைத்து வெந்துபோன’ கதைகளில் பல அந்த நாளைய கதைகள். ஆனால் தோலிலோ தோலுக்கு அருகிலோ நோய் இருந்தால், வேண்டுமென்றே ஒரு மெத்துப்பொருளைத் தோல்மேல் வைத்துக் கதிரை மேலே கொண்டுவருவார்கள். அப்போது தோல் கூடுதலாகப் பாதிக்கப்படும். அது தவறு அன்று. திட்டத்தின் ஒரு பகுதி.

சில நேரங்களில் அதிக நேரம் எடுக்கும் முறை தோலுக்கு நன்மையே செய்கிறது. கதிரை ஒரே சீராக வீசாமல், இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து வீசும் முறை ஒன்று உண்டு. கனடாவில் மார்புப் புற்றுநோய்ப் பெண்களிடம் இதைச் சோதித்து, 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பழைய முறையில் 100 பேரில் ஏறத்தாழ 48 பேருக்குத் தோல் ஈரமாக உரிந்தது. இந்தப் புதிய முறையில் ஏறத்தாழ 31 பேருக்குத்தான் அப்படி ஆனது.

நேயர்களே, இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். அச்சத்தால் இடையில் நிறுத்திவிட்டால் என்ன நேரும்? மரத்துக்கு ஓய்வு கொடுத்தால் பட்டை வளர்கிறது. சிகிச்சையை நாள்கணக்கில் நிறுத்தினால் தோல் மட்டுமா தேறும்? புற்று அணுக்களும் தேறிப் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயிலும், குறித்த காலத்துக்கு மேல் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும், நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைவதாக ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பேருந்து கிடைக்கவில்லை, வேலைக்கு விடுப்பு இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று ஒரு நாள் தவறினாலும், உடனே மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும். விடுபட்ட தவணையை எப்படி ஈடுகட்டுவது என்று அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் வழியில்லாதவர்கள், அரசாங்க மருத்துவமனையின் சமூகநலப் பிரிவைக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டில் செய்யவேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம்.

சிகிச்சை பெறும் இடத்தை வெதுவெதுப்பான நீரில், மென்மையான சவர்க்காரத்தால் மெல்லக் கழுவலாம். தேய்க்கக் கூடாது; நாரும் பீர்க்கங்கூடும் வேண்டாம். துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். தோலில் இட்ட அடையாளங்களை அழித்துவிடக் கூடாது.

மஞ்சள் பூசிக் குளிப்பது நம் பெண்களின் வழக்கம். சந்தனம், தைலம், தேங்காயெண்ணெய், பச்சிலை என்று அக்கம் பக்கத்தார் அன்போடு கொண்டுவருவார்கள். மருத்துவரைக் கேட்காமல் எதையும் அந்த இடத்தில் பூச வேண்டாம். கற்றாழை நல்லது என்று பலர் சொல்வார்கள். இந்தப் புண்ணுக்கு அது பெரும்பயன் தருவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் களிம்பே போதும். சூட்டு ஒத்தடமும் வேண்டாம், பனிக்கட்டி ஒத்தடமும் வேண்டாம்.

பருத்தித் துணியில் தளர்வான ரவிக்கை அணியலாம். தாலிச் சரடோ சங்கிலியோ அந்த இடத்தில் உராய்ந்தால், ஆறும்வரை கழற்றி வைப்பதில் குற்றமில்லை. வெயில் படாமல் மூடிக்கொள்ள வேண்டும். மருந்தடிக்கும் வேலை, உரம் போடும் வேலை ஆகியவற்றிலிருந்து அந்தக் காலத்தில் விலகியிருப்பது நல்லது. புகைபிடிப்பவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும், விட்டுவிட வேண்டும்.

தோல் ஈரமாகக் கசிந்தாலும், நாற்றம் வந்தாலும், காய்ச்சல் கண்டாலும் அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே சொல்லவேண்டும்.

இன்னொன்று: வெளியிலிருந்து எந்திரத்தால் சிகிச்சை பெற்றவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை. அவர் பிள்ளையைத் தூக்கலாம், கணவரோடு ஒரே தட்டில் உண்ணலாம். அவரை ஒதுக்கி வைக்கவேண்டிய காரணம் எதுவுமே இல்லை.

நம் மாணவனின் தாயார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று விளக்கம் கேட்ட பிறகு கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்ப நான் நிறுத்துனதுதான் தப்புங்களா ஐயா?” மருத்துவர், “இப்போது வந்துவிட்டீர்கள் அல்லவா, அதுவே போதும்” என்றார். தவறிப்போன நாள்களுக்காகத் திட்டத்தைத் திருத்தி, மிச்சத் தவணைகளையும் முடித்தார்கள். முடிந்த மறுவாரம் மார்பின் அடிமடிப்பில் தோல் உரிந்தது. இந்த முறை யாரும் பதறவில்லை. வரும் என்று முன்னமே தெரிந்திருந்தது. ஒன்றரை மாதத்தில் ஆறியது. கருமை மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. அந்த மாதங்களில் துணி துவைத்தது கணவர். தண்ணீர் பிடித்தது மகன். பிறகு அவன் ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை.

நேயர்களே, மருத்துவமனையில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் நிமிடத்தை எண்ண வேண்டாம். மருத்துவரிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒரு தவணைக்கு எவ்வளவு? மொத்தம் எத்தனை தவணை? என் தோலில் எந்த இடத்தில், எப்போது மாற்றம் வரும்? கேட்பது நம் உரிமை. சொல்வது அவர்கள் கடமை. விடையை ஒரு தாளில் எழுதி வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் அந்தப் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். பள்ளிப் படிப்புக்கு இதைவிட நல்ல பயன் வேறென்ன இருக்கிறது?